வியாழக்கிழமைக் கூட்டம்: மோசடி என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் எழுந்து போகிறார்கள், என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை | செவ்வாய், காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாள் வாசகி. எழுதுவது இதுவே முதல் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவரங்கத்தில் எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக வியாழக்கிழமை மாலைகளில் கூடுகிறோம். சங்கம், தலைவர், சந்தா எதுவும் கிடையாது. ஒரு பழைய வீட்டின் முன்கட்டு, முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேரம் பலகை, சாக்பீஸால் கோடு போட்ட தாயக்கட்டம், முறை வைத்துச் சுண்டல். வருகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேரின் பிள்ளைகள் சென்னையிலோ கடல் தாண்டியோ இருக்கிறார்கள். நான் தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அதனால் யார் போனில் எது கெட்டாலும் என் தலையில்தான் விழும்.

சென்ற மாதம் "இணைய மோசடி விழிப்புணர்வு" என்று ஒரு நாள் வைத்தோம். தெரிந்த தம்பி ஒருவர் மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டுவந்தார். நன்றாகத்தான் தயாரித்திருந்தார்: 42 படங்கள். பன்னிரண்டாவது படத்தில் ஒருவருக்கு மாத்திரை நேரம் வந்துவிட்டது. பதினெட்டாவதில் இரண்டு பேருக்குக் கோயில் நினைவு வந்துவிட்டது. முன்வரிசை அம்மா ஒருவர், "எங்களிடம் என்ன இருக்கிறது திருடிக்கொண்டு போக? மூட்டுவலி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இதுவரை வேடிக்கை. கடைசிப் படம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு, வயது 74. அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்புதான் அவர், காணொளி அழைப்பில் போலீஸ் வேடமிட்டு மிரட்டும் "டிஜிட்டல் கைது" கும்பலிடம் 11 லட்சம் ரூபாயைப் பறிகொடுத்திருந்தார். திரையில் ஓடியது அவருடைய கதையேதான். பார்த்தார், கைதட்டினார், சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பொங்கலுக்கு வந்த மகள் வங்கிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எழுந்து போகிறவர்களை உட்கார வைப்பது எப்படி? உட்கார்ந்திருந்தும் வாய் திறக்காதவரைப் பேச வைப்பது எப்படி? உங்கள் ஊர்களில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

---

பழைய காசாளர் | செவ்வாய், காலை 10.40

வங்கிக் கவுன்டரில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவன். உங்கள் ஆசிரியரைப் போல ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு. எழுபது வயதிருக்கும், வேட்டி சட்டை, வாரம் ஒரு முறையாவது வருவார். வந்தால் மழையைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாமல் நகர மாட்டார். அன்று வந்தவர் இரண்டு வைப்புநிதி ரசீதுகளை நீட்டி, முறித்து இந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஒரு ரசீது முதிர்வதற்கு இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி. "பதினோரு நாள் பொறுத்தால் வட்டி முழுதாகக் கிடைக்குமே சார்" என்றேன். "பேரன் படிப்புக்கு அவசரம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போன் இருந்தது. துணி வழியாகத் திரை வெளிச்சம் தெரிந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டுச் சீட்டில் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி ரசீதுக்கு அடியில் வைத்துத் தள்ளினேன். படித்தார். கண் கலங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை. மேலாளர் அறைக்கு அழைத்துப்போய், போனை வாங்கி அணைத்து மேஜை இழுப்பறையில் போட்ட பிறகுதான் மூச்சு விட்டார். தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இப்போது போனை அணைத்துவிட்டீர்களே, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?"

அவர் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவர். ஆக, அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்கியில் கேட்டால் பேரன் படிப்பு என்று சொல், வீட்டில் கேட்டால் நண்பருக்குக் கைமாற்று என்று சொல் என்று பொய்யையும் அவர்களே பாடம் நடத்தி அனுப்புகிறார்கள். எந்தப் படக்காட்சியும் அந்தப் பாடத்துக்கு ஈடாகாது.

---

வேளச்சேரி மகன் | செவ்வாய், மதியம் 1.05

எளிய வழி ஒன்று இருக்கிறது. அப்பாவின் ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிட்டேன். வங்கிக் கணக்கு என் போனில். மாதச் செலவுக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஒன்றரை ஆண்டாக எந்தத் தொல்லையும் இல்லை. பெரியவர்களுக்கு எதற்கு இதெல்லாம்?

---

பல்லாங்குழி | செவ்வாய், மதியம் 2.30

வேளச்சேரித் தம்பிக்கு: எனக்கு 71 வயது. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள். மின்கட்டணம், சிலிண்டர், மருந்து, பேத்திக்குப் பிறந்தநாள் பணம் எல்லாம் என் போனில்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் டொரன்டோவிலிருந்து முகம் காட்டிப் பேசுகிறான். இதை ஒருவர் வந்து பிடுங்கிக்கொண்டால் மோசடிக்காரன் என்னிடம் வர மாட்டான், சரிதான். வேறு யாரும் வர மாட்டார்கள்.

உங்கள் அப்பா தொல்லை இல்லை என்று சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா? கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

இன்னொன்று. பகுதி நேர வேலை, பங்குச் சந்தைக் குழு, கடன் செயலி என்று ஏமாறுகிறவர்களில் இருபத்தைந்து வயதுப் பொறியாளர்கள் எத்தனை பேர் என்று நாளிதழைப் புரட்டினால் தெரியும். அவர்கள் போனை யாரும் பிடுங்குவதில்லை.

---

வேளச்சேரி மகன் | செவ்வாய், மதியம் 2.58

அம்மா, மன்னியுங்கள். அப்படி நினைத்து எழுதவில்லை. அப்பாவிடம் கேட்கிறேன்.

---

புதிய வாசகர் 7 | செவ்வாய், மாலை 4.20

டிஜிட்டல் கைது என்று அடிக்கடி காதில் விழுகிறது. உண்மையிலேயே அப்படி ஒரு நடைமுறை இருக்கிறதா, இல்லையா? என் மாமியார் கேட்கிறார், எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

---

நீதிமன்ற வராந்தா | செவ்வாய், மாலை 6.15

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். இல்லவே இல்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். இந்தியச் சட்டம் எதிலும் காணொளியில் கைது செய்வது கிடையாது.

நடப்பது இதுதான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்றோ, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் குற்றத்துக்குப் பயன்பட்டது என்றோ முதல் அழைப்பு. அங்கிருந்து "அதிகாரி"க்கு மாற்றுவார்கள். வாட்ஸ்அப் காணொளியில் சீருடை, பின்னால் கொடி, மேஜையில் கோப்பு. கேமராவை விட்டு நகரக்கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறகு, விசாரணை முடியும்வரை பணத்தை "அரசுக் கணக்கில்" போட்டு வை, சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம். 2024இல் லூதியானாவின் பெரிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவருக்கு, அப்போது அவருக்கு 82 வயது, போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். தலைமை நீதிபதி வேடத்துக்கும் ஆள் இருந்தது. அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 27 வானொலி உரையில் பிரதமரே இதைப் பற்றிப் பேசினார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் கொடுத்தது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் ஒரே ஒரு முறை காதில் வாங்கினால் போதும். இப்போது நடைமுறையில் இருப்பது 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் 48ஆம் பிரிவு, ஒருவரைக் கைது செய்தால் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ அதைத் தெரிவிப்பது போலீசாரின் கடமை என்கிறது. விசாரணைக்கு வரச்சொல்லும் 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

கவனித்தீர்களா? நிஜப் போலீஸ் உங்கள் வீட்டாருக்குச் சொல்லியே ஆக வேண்டும். போலி ஆசாமி வாய் திறந்தவுடன் சொல்வது, "யாரிடமும் சொல்லாதே." "இரு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றால் நிஜ அதிகாரிக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. போலிக்கு வியர்த்துவிடும்.

---

மலைக்கோட்டை நிழல் | செவ்வாய், இரவு 8.47

வராந்தா சார் எழுதியதைப் படித்ததும் என் பெரியம்மா நினைவு வந்தது. அப்போது செல்போன் ஏது.

காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் நிறுத்தினார்கள். நல்ல கிராப்பு, பழுப்பு நிற ஷூ. "அம்மா, நாங்கள் போலீஸ். முன்னால் தெருவில் ஒரு கொலை நடந்திருக்கிறது, நகையோடு போகாதீர்கள், கழற்றுங்கள், பொட்டலம் கட்டித் தருகிறோம்." அவர்களே காகிதம் வைத்திருந்தார்கள். பெரியம்மா இரட்டை வடச் சங்கிலியையும் நான்கு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். கண் முன்னாலேயே மடித்து, நூல் சுற்றி, கூடைக்குள் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்து, "வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள்" என்று மரியாதையாக அனுப்பினார்கள். வீட்டில் பிரித்தால் கூழாங்கல். கழுவித் துடைத்த கூழாங்கல். அதைப் பெரியம்மா கடைசிவரை தூக்கிப் போடவில்லை. பூஜை அலமாரியின் ஓரத்தில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை.

அன்று பொட்டலம், இன்று காணொளி. காக்கிச் சட்டைக்குப் பயப்படச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறையிடம் இரண்டும் ஒரே வித்தைதான். கொள்ளிடக்கரை அம்மா, இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "உங்கள் காலத்தில் எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள்?" நகைக்குப் பாலிஷ், கீழே சிதறிய பத்து ரூபாய் நோட்டு, இரிடியம், 2012இல் பெருந்துறைப் பக்கம் குடும்பம் குடும்பமாகக் கவிழ்த்த ஈமு கோழி. ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

---

கொள்ளிடக்கரை | புதன், காலை 7.30

நிழல் சார், கூழாங்கல்லைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை வியாழன். நீங்கள் சொன்னபடியே கேட்டுப் பார்க்கிறேன்.

---

நெல்லைப் பேரன் | புதன், காலை 9.00

இதோடு சேர்த்து ஒன்று கேட்கலாமா? எங்கள் தாத்தா வீட்டைத் தன் மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது மகன் கவனிப்பதில்லை. 2007 சட்டத்தில் திரும்பப் பெறலாம் என்கிறார்களே. இதுவும் ஒரு மோசடிதானே?

---

நீதிமன்ற வராந்தா | புதன், காலை 9.40

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567இல் முதலில் பேசட்டும். தனி இழை தொடங்குங்கள் தம்பி, விரிவாக எழுதுகிறேன். இங்கே தொடர்ந்தால் இந்த இழை சொத்துத் தகராறாகிவிடும். நம் ஊரில் அதற்கு முடிவே கிடையாது.

---

ஒன்பதரை மணி | புதன், பகல் 11.25

வேறு பெயரில் இங்கே பல ஆண்டுகளாக எழுதுகிறவன். இதற்காகவே புதுக் கணக்குத் தொடங்கினேன். ஏன் என்று புரியும்.

2022இல் எனக்கு 66 வயது. "சென்ற மாத பில் கட்டப்படவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று குறுஞ்செய்தி, கீழே ஒரு கைபேசி எண். நான் பில்லைக் கட்டியிருந்தேன். கட்டியது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனைவிக்கு அப்போது இரவில் சுவாசக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற ஒரு நினைப்புதான் தலையில் நின்றது, அழைத்துவிட்டேன். மறுமுனையில் பேசியவன் என்னைவிடப் பதற்றமாகப் பேசினான், எனக்கு உதவுகிறவன் மாதிரி. பத்து ரூபாய் கட்டிச் சரிபார்க்கலாம் என்று ஒரு செயலியை இறக்கச் சொன்னான். என் திரை அவனுக்குத் தெரிகிறது என்பது எனக்குத் தெரியாது. 38,000 ரூபாய்.

மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை. போன் தண்ணீரில் விழுந்ததால் எண்ணை மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறேன். 38,000 போனது பெரிதில்லை. "இந்த வயதில் இதுகூடத் தெரியாதா அப்பா" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு நான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான்.

அம்மா, உங்கள் ஆசிரியர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டீர்களே.

---

வேளச்சேரி மகன் | புதன், பகல் 11.50

ஒன்பதரை மணி ஐயா, இதை இரண்டு முறை படித்தேன்.

நேற்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "தொல்லை இல்லை, ஆனால் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத உன்னிடம் கேட்க வேண்டியிருந்தது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஞாயிறு போய்ப் போனைக் கொடுக்கிறேன். பெரிய தொகை கிடக்கும் கணக்கைத் தனியாக வைத்து, அன்றாடச் செலவுக்கு மட்டும் ஒரு சிறிய கணக்கைப் போனில் இணைக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

---

பழைய காசாளர் | புதன், மதியம் 12.30

மிகச் சரி. அன்றாடக் கணக்கில் யுபிஐ வரம்பையும் குறைத்து வையுங்கள். கைப்பையை எவனாவது தூக்கிக்கொண்டு போனாலும் பீரோ சாவி வீட்டில் இருக்கும் என்ற கணக்குதான்.

ஒன்பதரை மணி ஐயாவுக்கும் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பணம் போனது தெரிந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, மகனைக் கேட்டுவிட்டு என்றெல்லாம் தள்ளக்கூடாது. போன பணம் முதலில் யாரோ ஒரு ஏழையின் பெயரில் கமிஷனுக்கு வாங்கிய கணக்கில் விழும். அங்கிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குச் சிதறும். சிதறுவதற்குள் தகவல் போனால் அந்தந்த வங்கியில் முடக்கி வைப்பார்கள். முடக்கிய பணத்தை முறைப்படி மனுச்செய்து மீட்கலாம். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியின் மேலும் தவறில்லை, வாடிக்கையாளர் மேலும் தவறில்லை, வெளியாள் புகுந்தான் என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். ஆகவே வெட்கத்துக்கு மணிக்கணக்கில் விலை இருக்கிறது. என் அனுபவத்தில் பணம் போனவர்கள் வங்கிக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வந்தாலும் "என் நண்பர் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த நண்பர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

---

பல்லாங்குழி | புதன், மாலை 5.10

கோவையில் எங்கள் பூங்காவில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். விழிப்புணர்வு என்ற வார்த்தையையே எடுத்துவிட்டோம். அதைக் கேட்டாலே கொட்டாவி வருகிறது. எங்களுடையது "போன் நாடகம்". ஒருவர் மோசடிக்காரர், ஒருவர் மாட்டிக்கொள்கிறவர். வசனம் கிடையாது, மனதில் வந்ததைப் பேச வேண்டும். முதல் வாரமே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிபிஐ அதிகாரியாக வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் மேல் பிடிவாரன்ட் இருக்கிறது" என்று கர்ஜித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த 79 வயது அம்மா, "பொறு தம்பி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்" என்றார். "பாலை விடுங்கள், இது தேசப் பாதுகாப்பு!" "பொங்கினால் நீயா வந்து துடைப்பாய்?" அதிகாரிக்கு அடுத்த வசனம் வரவில்லை. பூங்கா முழுக்கச் சிரிப்பு. இப்போது எங்கள் வட்டாரத்தில் சந்தேகமான அழைப்பு வந்தால் "அடுப்பில் பால்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற தலைமுறை எங்களுடையது. வீட்டுக்கு வந்தவனைப் பாதிப் பேச்சில் எழுந்து போகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதற்கு ஒரு சாக்கு வேண்டும். பால் நல்ல சாக்கு.

நவம்பரில் இன்னொன்று செய்தோம். வாழ்நாள் சான்றிதழ் காலத்தில்தான் "ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், சான்றிதழ் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்புகள் பறக்கும். நாங்கள் பகுதித் தபால்காரரைப் பூங்காவுக்கே வரச்சொல்லிவிட்டோம். கைரேகை வைத்து, ஆளுக்கு 70 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது பேருக்கு முடிந்தது. வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தவரிடம் எவன் வந்து என்ன பயமுறுத்த?

---

மலைக்கோட்டை நிழல் | புதன், மாலை 6.00

"பொங்கினால் நீயா வந்து துடைப்பாய்?" அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

புதிய வாசகர் 7 | புதன், இரவு 9.15

மாமியார் 48ஆம் பிரிவை மனப்பாடம் செய்துவிட்டார். இன்று கீரைக்காரரிடமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி வராந்தா சார்.

யாரை அழைத்தாலும் முதலில் சைபர் குற்ற எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்ததே, அதை யாராவது ஒரு முறையாவது முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? நான் ஒன்றை அழுத்தித் தாண்டிவிடுவேன். வேறு யாரோ ஏமாளிகளுக்குச் சொல்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

---

கொள்ளிடக்கரை | வெள்ளி, காலை 8.05

நேற்றுக் கூட்டம் முடிந்து வீடு வர எட்டே முக்கால் ஆகிவிட்டது. வழக்கமாக ஏழு மணிக்குக் கலைந்துவிடுவோம்.

திரை இல்லை, மடிக்கணினி இல்லை. அந்தத் தம்பியையும் அழைத்திருந்தேன். ஓரமாக உட்கார்ந்து, கேட்டவர்களின் வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தார். ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் போனில் "திருமண அழைப்பிதழ்" என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்பு (திறந்தால் போனில் செயலியாக இறங்கிவிடும்) திறக்கப்படாமல் கிடந்தது. கண்ணாடி கிடைக்காததால் திறக்கவில்லையாம்! தம்பி அதை அழித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

"உங்கள் காலத்தில் எப்படி ஏமாற்றினார்கள்" என்று நான் கேட்டதும் பதில் வந்த இடத்தைச் சொல்கிறேன்: மூட்டுவலியைத் திருடிக்கொண்டு போகட்டும் என்ற அதே அம்மா. 1986இல் பாத்திரச் சீட்டு. மாதம் இருபது ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு அண்டா, குண்டான், பித்தளைக் குடம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு போனால் வீட்டில் பூட்டு. "பூட்டுகூடப் புதிது" என்றார். தெருவில் பதினாறு பேரைச் சேர்த்துவிட்டது அவர்தானாம், அதனால் அந்தத் தீபாவளிக்கு வெளியே வரவில்லையாம். நாற்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது. அவர் சொன்னதும் ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். பதினோரு கதைகள் வந்தன. ஒன்று சென்ற ஆகஸ்ட்டில் நடந்தது.

பிறகு நாடகம். பல்லாங்குழி அம்மாவின் யோசனையைச் சொல்லி, அதிகாரி வேடம் யாருக்கு என்று கேட்டேன். மின்வாரியத்தில் இருந்த ஒருவர் எழுந்து முயன்றார். குரல் சாதுவாக இருந்தது, எதிரில் இருந்தவர் பயப்படுவதற்குப் பதில் "சாப்பிட்டீர்களா சார்" என்று கேட்டுவிட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஆசிரியர் கையைத் தூக்கினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி.

"நான் போடுகிறேன் அந்த வேடத்தை. அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். ஒன்றரை நாள் கேட்டிருக்கிறேன்" என்றார்.

முன்கட்டில் சத்தம் இல்லை. என்ன நடந்தது என்று அவர் விளக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அவர் பேசத் தொடங்கியபோது நான் பயந்துவிட்டேன். கத்தவில்லை, கர்ஜிக்கவில்லை. மிக அன்பாக, தணிந்த குரலில், "ஐயா, உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களைக் காப்பாற்றத்தான் பேசுகிறேன். மகளிடம் சொல்ல வேண்டாம், அவர் பெயரும் வழக்கில் வந்துவிடும்." எதிரில் போனைப் பிடித்திருந்த அம்மாவின் கை நிஜமாகவே நடுங்கியது. பால் வசனம் அவருக்கு மறந்தே போய்விட்டது. மூட்டுவலி அம்மாதான் பக்கத்தில் எழுந்து வந்து, போனைப் பிடுங்கி, "யாரடா அது? என்னிடம் பேசு" என்றார்.

ஆசிரியர் சிரித்தார். மகள் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன் அவரே மறுபடி அதிகாரி. புகாரின் நிலை கேட்க அவரோடு சைபர் காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் நான்கு பேர். ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏற முடியும் என்று இப்போதே சண்டை. சுண்டல் போதவில்லை.

---

ஒன்பதரை மணி | வெள்ளி, காலை 8.40

அம்மா, நான் இருப்பது உறையூர். பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. வெளியார் வரலாமா?

---

கொள்ளிடக்கரை | வெள்ளி, காலை 8.52

ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். நாற்காலி இருக்கிறது. அடுத்த வாரச் சுண்டல் மொச்சைப் பயறு. உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் சொல்லுங்கள்.